ஓடுவது எளிது, ஊர்வதுதான் கடினம்

அடுத்த முறை டோபி காட் நிலையத்துக்குச் செல்லும் ரயிலில் நின்றுகொண்டு பயணம் செய்யும்போது, கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு ஒன்றைக் கவனியுங்கள். ரயில் தளமேடைக்குள் நுழைகிறது. வேகம் குறைகிறது. கடைசிப் பத்து மீட்டரை அது நடக்கும் வேகத்தைவிடவும் மெதுவாகக் கடக்கிறது. பின்னர், ரயிலின் கதவும் தளமேடைத் தடுப்புக் கதவும் நேருக்கு நேர் வரும் இடத்தில் நின்றுவிடுகிறது.

அந்தக் கடைசிப் பத்து மீட்டரில் ஒரு குலுக்கல் ஏற்பட்டால் என்ன ஆகும்? கைப்பிடியைப் பிடிக்காமல் நிற்கும் முதியவர் தடுமாறி விழலாம். ரயில் சற்று முன்னே போய்விட்டால் இரண்டு கதவுகளும் பொருந்தாது. அதனால் ரயில் வேகமாக ஓட வேண்டும் என்பதைப் போலவே, மிக மெதுவாகவும் சீராகவும் ஊர வேண்டும் என்பதும் முக்கியம்.

வேகமாக ஓடுவதுதான் கடினம், மெதுவாகப் போவது எளிது என்று நமக்குத் தோன்றும். மின்மோட்டாருக்கு அது பெரும்பாலும் தலைகீழ். பெரிய மின்னோட்டத்தில் இயங்கும் மோட்டாரை மெதுவாகவும் குலுங்காமலும் சுழற்றுவது, அதை முழு வேகத்தில் ஓட்டுவதைவிடச் சிக்கலான வேலை. அது ஏன் என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

சலவைத் துறையிலிருந்து ரயில் சந்திப்புக்கு

டோபி என்றால் சலவைத் தொழிலாளி. காட் என்றால் நீர்நிலைக்கு இறங்கும் படித்துறை. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் இங்கு ஓடிய சிற்றோடையில் துணி துவைத்து, அருகிலிருந்த புல்வெளியில் காயவைத்தார்கள். அந்த ஓடைதான் இன்றைய ஸ்டாம்ஃபர்ட் கால்வாய்.

வடக்கு–தெற்குப் பாதையில் டோபி காட் நிலையம் 1987 டிசம்பர் 12 அன்று திறக்கப்பட்டது. 2003இல் வடகிழக்குப் பாதையும், 2010இல் வட்டப் பாதையும் இங்கு வந்து சேர்ந்தன. மூன்று எம்ஆர்டி பாதைகள் சந்திக்கும் சிங்கப்பூரின் முதல் நிலையம் இதுதான். லிட்டில் இந்தியாவுக்கு இங்கிருந்து ஒரே ஒரு நிறுத்தம்.

1987இல் இங்கு வந்து நின்ற ரயில்கள் ஜப்பானில் செய்யப்பட்டவை. ‘சி151’ என்று அழைக்கப்பட்ட அவை மொத்தம் 66. ஒவ்வொன்றிலும் ஆறு பெட்டிகள். அவற்றில் இருந்தவை பிரஷ் உள்ள நேர்மின்னோட்ட மோட்டார்கள். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஓடிய பிறகு, 2010களின் பிற்பாதியில், எஸ்எம்ஆர்டி நிறுவனம் இந்த ரயில்களின் இயக்கக் கருவிகளை மாற்றியது. பழைய மோட்டார்களுக்குப் பதிலாக, ஜப்பானின் தோஷிபா நிறுவனம் தயாரித்த, நிலைக்காந்தம் கொண்ட பிரஷ் இல்லாத மோட்டார்கள் பொருத்தப்பட்டன. பெட்டியின் உடல் அதேதான், இதயம் மட்டும் புதியது. 2023 ஜூன் மாதம் முதல் ‘ஆர்151’ என்ற புதிய ரயில்கள் ஓடத் தொடங்கின. பழைய ரயில்கள் படிப்படியாக ஓய்வு பெற்றன.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த ரயிலுக்கு எதற்காக மோட்டாரை மாற்ற வேண்டும்? முதலில் அந்தப் பிரஷைப் பார்ப்போம்.

பிரஷ் செய்த வேலை

மின்னோட்டம் பாயும் கம்பிச்சுருள் ஒரு காந்தம்போல நடந்துகொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியும். அதை இன்னொரு காந்தப்புலத்துக்குள் வைத்தால் அது திரும்பும். ஆனால் வட துருவமும் தென் துருவமும் எதிரெதிரே வந்தவுடன் நின்றுவிடும். தொடர்ந்து சுழல வேண்டுமானால், சரியான நேரத்தில் மின்னோட்டத்தின் திசையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

பழைய மோட்டாரில் இந்த வேலையைச் செய்தவை திசைமாற்றி வளையமும், அதன்மீது உரசிக்கொண்டிருக்கும் கார்பன் பிரஷும். மோட்டார் சுழலச் சுழல, அடுத்தடுத்த சுருளுக்கு மின்னோட்டம் தானாகவே போய்ச் சேரும். சுழலும் பகுதி எங்கே இருக்கிறது என்று யாரும் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. எளிமையான, அழகான ஏற்பாடு.

ஆனால் உரசும் பொருள் தேயும். கார்பன் தூள் படியும். தீப்பொறி பறக்கும். நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும் ரயில் மோட்டாரில் பிரஷ்களை அடிக்கடி சோதித்து மாற்ற வேண்டும். ஒரு ரயிலில் பல மோட்டார்கள், ஒவ்வொன்றிலும் பல பிரஷ்கள், மொத்தம் 66 ரயில்கள். பராமரிப்புப் பணிமனைக்கு எவ்வளவு வேலை என்று எண்ணிப் பாருங்கள்.

பிரஷ் இல்லாத மோட்டாரில் காந்தங்கள் சுழலும் பகுதியில் இருக்கின்றன. கம்பிச்சுருள்கள் வெளியே அசையாமல் நிற்கின்றன. சுருள்கள் அசையாததால் உரசுவதற்கு எதுவும் இல்லை. மூன்று தொகுதிகளாகப் பிரிக்கப்பட்ட சுருள்களுக்கு மின்னணு ஸ்விட்ச்கள் மாறி மாறி மின்னோட்டம் கொடுக்கின்றன. அப்போது சுருள்களில் ஒரு காந்தப்புலம் சுற்றி வரும். உள்ளே இருக்கும் காந்தம் அதைத் துரத்திக்கொண்டே சுழலும்.

தேய்மானம் போய்விட்டது. ஆனால் பிரஷ் சத்தமில்லாமல் செய்துவந்த ஒரு வேலை இப்போது நம் தலையில் விழுகிறது. எந்தச் சுருளுக்கு, எந்த நொடியில், எவ்வளவு மின்னோட்டம்? இதை இனி ஒரு கணினிச் சில்லு முடிவு செய்ய வேண்டும்.

ஆறு எட்டு நடை

மிக எளிய முறை இது. மூன்று சுருள் தொகுதிகளில் எப்போதும் இரண்டுக்கு மட்டும் மின்னோட்டம் கொடுப்பது. ஒன்றில் உள்ளே, மற்றொன்றில் வெளியே. இப்படி ஆறு வகைச் சேர்க்கைகள் உண்டு. ஆறையும் வரிசையாக மாற்றினால், காந்தப்புலம் 60 பாகை, 60 பாகையாகத் தாவித் தாவி ஒரு சுற்றை முடிக்கும். பொம்மைக் கார்கள், மலிவான டிரோன்கள் ஆகியவற்றில் இந்த முறை பரவலாக உண்டு.

இதில் ஒரு குறை இருக்கிறது. சுருள்களின் புலம் காந்தத்துக்குச் சரியாக 90 பாகை முன்னால் இருந்தால்தான் முழு விசை கிடைக்கும். புலம் தாவித் தாவி நகர்வதால் அது சரியான இடத்துக்கு 30 பாகை முன்னும் 30 பாகை பின்னுமாக ஊசலாடும். கிடைக்கும் விசை அந்த விலகல் கோணத்தின் கோசைனைப் பொறுத்தது. கால்குலேட்டரில் கோசைன் 30 போட்டுப் பாருங்கள்: 0.866. ஒவ்வோர் எட்டிலும் விசை நூற்றிலிருந்து ஏறக்குறைய 87க்குக் குறைந்து, மறுபடியும் நூற்றுக்கு ஏறுகிறது.

இந்த ஏற்ற இறக்கம் ஒரு ரயிலில் எப்படித் தெரியும்? ஓர் எளிய கணக்குப் போடுவோம். சக்கரத்தின் விட்டம் 0.85 மீட்டர், சக்கரம் ஒரு முறை சுற்ற மோட்டார் ஆறு முறை சுற்ற வேண்டும், மோட்டாரில் மூன்று ஜோடிக் காந்த முனைகள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மோட்டாரின் ஒரு சுற்றுக்கு 18 எட்டுகள்.

ரயில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது மோட்டார் நொடிக்கு 50 முறை சுற்றும். அதாவது நொடிக்குச் சுமார் 900 சிறு உதைகள். இவ்வளவு விரைவான உதைகளுக்கு ரயிலின் எடை அசைந்து கொடுக்காது. அவை ஒரு ரீங்காரமாக மட்டும் காதில் விழும்.

அதே ரயில் மணிக்கு 1 கிலோமீட்டர் வேகத்தில் ஊரும்போது? நொடிக்குச் சுமார் 11 உதைகள். இதை உங்கள் பாதங்கள் நன்றாக உணரும். பெட்டியின் கைப்பிடிகள் ஆடும். விசையின் ஏற்ற இறக்கம் இரண்டு வேகத்திலும் ஒரே அளவுதான். வேகத்தில் மறைந்திருந்த குறையை மெதுவான ஓட்டம் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

உங்கள் இயற்பியல் பாடத்தில் வேகம், முடுக்கம் இரண்டும் வரும். நின்றுகொண்டிருப்பவரைத் தடுமாற வைப்பது இவை இரண்டையும்விட, முடுக்கம் திடீரென மாறுவதுதான். ஒரே சீரான முடுக்கத்துக்கு உடல் சாய்ந்து தன்னைச் சரிசெய்துகொள்ளும். நொடிக்குப் பலமுறை மாறும் முடுக்கத்துக்கு உடலால் ஈடுகொடுக்க முடியாது.

மூன்று அலைகளும் ஒரு 1.5உம்

தாவல் வேண்டாம் என்றால் புலத்தை வழுக்கிக்கொண்டு போகச் செய்ய வேண்டும். அதற்கு மூன்று சுருள் தொகுதிகளுக்கும் சைன் அலை வடிவில் மின்னோட்டம் கொடுக்கிறார்கள். ஒன்றுக்கொன்று 120 பாகை தள்ளி வரும் மூன்று அலைகள்.

இதனால் உண்மையிலேயே விசை மாறாமல் இருக்குமா? நீங்களே சோதிக்கலாம். சைன் அலை மோட்டாரில் ஒவ்வொரு தொகுதியும் தரும் விசை, அந்தக் கோணத்துச் சைன் மதிப்பின் வர்க்கத்தைப் பொறுத்தது. கோணம் 0 என்றால், மூன்று தொகுதிகளுக்கும் கோணங்கள் 0, 120, 240. சைன் மதிப்புகளின் வர்க்கங்கள் 0, 0.75, 0.75. கூட்டினால் 1.5. கோணம் 30 ஆனால் கோணங்கள் 30, 150, 270. வர்க்கங்கள் 0.25, 0.25, 1. கூட்டினால் அதே 1.5. உங்களுக்குப் பிடித்த எந்தக் கோணத்தையும் போட்டுப் பாருங்கள். விடை மாறாது. ஒரு தொகுதி தளரும்போது மற்ற இரண்டும் சேர்ந்து அந்தக் குறையைச் சரியாக ஈடுகட்டுகின்றன.

இந்த மூன்று அலைகளையும் காந்தத்தின் இருப்பிடத்தோடு பிசகாமல் சேர்த்து நடத்தும் முறைக்குப் ‘புலம் சார்ந்த கட்டுப்பாடு’ என்று பெயர். இதன் அடிப்படையை 1970ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியில் ஹாஸே, பிளாஷ்கே என்ற இரண்டு பொறியாளர்கள் தனித்தனியாக உருவாக்கினார்கள்.

அதன் மையக் கருத்து இதுதான். பூங்காவில் சுற்றும் குதிரை ராட்டினத்தை வெளியே நின்று பார்த்தால் ஒவ்வொரு குதிரையும் வந்து வந்து போகும். நீங்களே ஒரு குதிரையில் ஏறி அமர்ந்துவிட்டால், பக்கத்துக் குதிரை அசையாமல் அருகிலேயே இருக்கும். அதுபோலக் கட்டுப்பாட்டுச் சில்லும், கணக்கில், சுழலும் காந்தத்தின் மீது ஏறி அமர்ந்துகொள்கிறது. அங்கிருந்து பார்த்தால் அலை அலையாய் மாறும் மூன்று மின்னோட்டங்கள் இரண்டு நிலையான எண்களாகிவிடும். ஓர் எண் சுழற்றும் விசையைச் சொல்லும். மற்றோர் எண் காந்தப்புலத்தின் வலிமையைச் சொல்லும். அலையைத் துரத்துவதைவிட நிலையான எண்ணைக் கட்டுப்படுத்துவது எளிது அல்லவா? அக்காலத்தில் இந்தக் கணக்கை வேகமாகப் போட மலிவான சில்லுகள் இல்லை. நுண்செயலிகள் வந்த பிறகே இந்த முறை பரவியது.

காந்தம் எங்கே இருக்கிறது?

ராட்டினத்தில் ஏறி அமர வேண்டுமானால் அது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். மெதுவான ஓட்டத்தில் இதுதான் பெரிய தலைவலி.

மலிவான மோட்டார்களில் காந்தத்தை உணரும் மூன்று ஹால் உணரிகள் இருக்கும். அவை காந்தம் ஆறு பகுதிகளில் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். வேகமாகச் சுழலும்போது அது போதும்; அடுத்த செய்தி உடனே வந்துவிடும். நாம் பார்த்த கணக்கில் மணிக்கு 1 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு செய்திகளுக்கு இடையே ஏறக்குறைய 90 மில்லிநொடி கடந்துபோகும். அதுவரை சில்லு ஊகித்துக்கொண்டிருக்க வேண்டும். ஊகம் தவறினால் அடுத்த செய்தி வரும்போது ஒரு குலுக்கல்.

உணரியே இல்லாமலும் செய்யலாம். சுழலும் காந்தம் சுருள்களில் ஒரு மின்னழுத்தத்தைத் தூண்டும். இது செலுத்தப்படும் மின்னழுத்தத்துக்கு எதிராக இருப்பதால் எதிர் மின்னழுத்தம் என்கிறோம். இதன் வடிவத்தைப் பார்த்தே காந்தம் எங்கே இருக்கிறது என்று சில்லு கண்டுபிடித்துவிடும். ஆனால் எதிர் மின்னழுத்தத்தின் அளவு வேகத்தைப் பொறுத்தது. முழு வேகத்தில் 400 வோல்ட் என்றால், எண்பதில் ஒரு பங்கு வேகத்தில் வெறும் 5 வோல்ட். நின்றுவிட்டால் சுழியம். கூப்பிட்டால் பதில் சொல்லிக்கொண்டிருந்த மோட்டார், மெதுவாகும்போது முணுமுணுத்து, கடைசியில் ஊமையாகிவிடுகிறது.

பொறியாளர்கள் இதற்கு இரண்டு வழிகளைக் கையாள்கிறார்கள். ஒன்று, தண்டின் முனையில் கோணத்தை நுணுக்கமாக அளக்கும் கருவியைப் பொருத்துவது. ‘ரிசால்வர்’ என்ற கருவி அடிப்படையில் கம்பிச்சுருள்களால் ஆனது. வெப்பம், தூசு, அதிர்வு எதற்கும் அது எளிதில் அசராது. மற்றது, தேங்காயைத் தட்டிப் பார்ப்பதைப் போன்ற வழி. மிக வேகமாகத் துடிக்கும் சிறிய மின்னழுத்தத்தைச் சுருளுக்குள் அனுப்பினால், காந்தம் இருக்கும் திசையில் ஒரு மாதிரியும் மற்ற திசையில் வேறு மாதிரியும் மின்னோட்டம் பதில் தரும். மோட்டார் நின்றுகொண்டிருந்தாலும் இந்தத் ‘தட்டல்’ காந்தத்தின் இருப்பிடத்தைச் சொல்லிவிடும். காந்தங்கள் இரும்புக்குள் புதைந்திருக்கும் மோட்டார்களில் இது நன்றாக வேலை செய்யும்.

நிலைக்காந்த மோட்டார் உள்ள ரயிலில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. சக்கரங்கள் தேயும், எல்லாம் ஒரே அளவில் தேயாது. சிறிய சக்கரம் சற்று வேகமாகச் சுற்றும். வடகிழக்குப் பாதையின் முதல் ரயில்களில் இருப்பது தூண்டல் மோட்டார். அதுவும் பிரஷ் இல்லாததுதான். ஆனால் அதில் நிலைக்காந்தம் இல்லை. அது புலத்துக்குச் சற்றுப் பின்தங்கிச் சுழலக்கூடியது. அதனால் ஒரே மின்னணுக் கருவியைக் கொண்டு பல தூண்டல் மோட்டார்களை ஓட்டலாம். நிலைக்காந்த மோட்டார் புலத்தோடு கைகோத்தே சுற்றும். எனவே ஒவ்வொரு மோட்டாருக்கும் தனித்தனியாக ஒரு கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும். தோக்கியோ மெட்ரோ 2010இல் அறிமுகப்படுத்திய 16000 வரிசை ரயில்களிலும் இதே முறைதான்.

நூற்றுக்கணக்கான ஆம்பியர்

இதுவரை பார்த்தவை சிறிய மோட்டாருக்கும் பொருந்தும். மின்னோட்டம் பெரிதாகும்போது வேறு இரண்டு சிக்கல்கள் வந்து சேரும்.

முதலாவது, வெப்பம். நகரத் தொடங்கும் ரயிலுக்கு மிகப் பெரிய விசை வேண்டும். விசைக்கு மின்னோட்டம் வேண்டும். 300 ஆம்பியர் மின்னோட்டம் 0.05 ஓம் மின்தடையுள்ள சுருளில் பாய்வதாகக் கொள்வோம். வெப்பமாக மாறும் திறன், மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் கிடைக்கும்: 4500 வாட். இரண்டு மின்கெண்டிகளைச் சேர்த்துக் கொதிக்க வைப்பதற்குச் சமம். வண்டி இன்னும் நகரவில்லை என்றால் அங்கே பயனுள்ள வேலை எதுவும் நடக்கவில்லை. அத்தனையும் வீணான வெப்பம்தான்.

இதைவிட மோசமானது ஸ்விட்ச்களின் நிலை. மோட்டார் வேகமாகச் சுழலும்போது மின்னோட்டம் ஆறு ஸ்விட்ச்களுக்கும் மாறி மாறிப் போகும். ஒவ்வொன்றுக்கும் ஓய்வு கிடைக்கும். மோட்டார் நின்றுவிட்டால் மின்னோட்டமும் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். சில ஸ்விட்ச்களே பாரம் முழுவதையும் சுமக்கும். சத்தே குச்சியைத் திருப்பாமல் அடுப்பில் விட்டுவிட்டால் ஒரு பக்கம் கருகிப்போகும் அல்லவா, அதே கதைதான். மின்ஸ்கூட்டரை மேட்டில் பிரேக் பிடிக்காமல் முடுக்கியை மட்டும் திருகி நிறுத்தி வைப்பவர்கள் செய்வதும் இதுதான். வண்டி அசையாது, உள்ளே சில்லு வெந்துகொண்டிருக்கும். நல்ல கட்டுப்பாட்டுக் கருவி வெப்பநிலையை அளந்து மின்னோட்டத்தைக் குறைத்துவிடும்.

இரண்டாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. வடக்கு–தெற்குப் பாதையில் தண்டவாளத்தை ஒட்டியுள்ள மூன்றாவது தண்டவாளத்தின் வழியாக 750 வோல்ட் நேர்மின்சாரம் வருகிறது. ஊரும் மோட்டாருக்கு எதிர் மின்னழுத்தம் ஏறக்குறைய இல்லை. 300 ஆம்பியரை 0.05 ஓமில் செலுத்த 15 வோல்ட் போதும். அதாவது 750இல் 2 விழுக்காடு. ஸ்விட்ச் நொடிக்கு 1000 முறை திறந்து மூடுகிறது என்றால், ஒவ்வொரு முறையும் 20 மைக்ரோநொடிக்கு ஈடான அளவு மட்டும் மின்னழுத்தம் தர வேண்டும்.

இதில் என்ன தொல்லை? ஸ்விட்ச்கள் மேலும் கீழுமாக இரட்டையாக இருக்கின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் மூடினால் குறுக்குச்சுற்று, கருவி வெடித்துவிடும். அதனால் ஒன்று முழுவதும் திறந்த பிறகே மற்றது மூட வேண்டும் என்று சில மைக்ரோநொடி இடைவெளி விடுவார்கள். அந்த இடைவெளி 5 மைக்ரோநொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு வேகத்தில் நூற்றுக்கணக்கான மைக்ரோநொடிகளில் 5 ஒரு பொருட்டே அல்ல. இங்கே 20இல் 5 என்றால் நான்கில் ஒரு பங்கு பிழை! மின்னோட்டம் திசை மாறும் ஒவ்வொரு முறையும் இந்தப் பிழையும் திசை மாறும். அலையின் வடிவம் கெடும். மோட்டார் விக்கி விக்கிச் சுழலும்.

இதற்கும் வழி உண்டு. கட்டுப்பாட்டுச் சில்லு ஒவ்வொரு சுருளிலும் பாயும் மின்னோட்டத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அளக்கிறது. எங்கே குறைகிறதோ அங்கே அந்த இழப்புக்கு ஈடாகச் சற்றுக் கூடுதல் மின்னழுத்தம் தருகிறது. அப்படி அளக்கும் கருவி சரியாக இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். மின்னோட்டம் இல்லாதபோதும் 2 ஆம்பியர் என்று காட்டும் உணரி, முள் சுழியத்தில் நிற்காத தராசு போன்றது. அந்தச் சிறு பிழையே மெதுவான ஓட்டத்தில் ஒரு துடிப்பாக வெளிப்படும். அதனால் வண்டி புறப்படும் முன்பே உணரிகளின் சுழியத்தைச் சரிபார்த்துக்கொள்கிறார்கள்.

வேகம் கூடியதும் பல ரயில்களில் ஒரு வேடிக்கை நடக்கும். இவ்வளவு நுட்பமான அலைகளை விட்டுவிட்டு, கட்டுப்பாட்டுக் கருவி அந்தப் பழைய ஆறு எட்டு நடைக்கே திரும்பிவிடும். ஸ்விட்ச்களுக்கு வேலை குறையும், மோட்டாருக்கு முழு மின்னழுத்தமும் கிடைக்கும், குலுக்கலும் தெரியாது. ரயில் புறப்படும்போது அடியிலிருந்து வரும் ஒலியின் சுருதி படிப்படியாக மாறுவதைக் கேட்டிருப்பீர்கள். ஸ்விட்ச்கள் திறந்து மூடும் முறை மாறும் ஓசைதான் அது.

நிற்பதற்கும் மின்சாரம்

மோட்டார் ரயிலை ஓட்ட மட்டுமல்ல, நிறுத்தவும் உதவுகிறது. வேகத்தைக் குறைக்கும்போது அதே மோட்டார் மின்னாக்கியாக மாறி, ரயிலின் இயக்க ஆற்றலை மின்சாரமாக்கித் திருப்பித் தருகிறது. பக்கத்தில் புறப்படும் இன்னொரு ரயில் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஆனால் வேகம் மிகக் குறையும்போது எதிர் மின்னழுத்தமும் குறைவதால் மின் பிரேக் வலுவிழக்கும். அதனால் பல ரயில்களில் கடைசிச் சில கிலோமீட்டர் வேகத்தை உராய்வு பிரேக் எடுத்துக்கொள்ளும். ஒன்று விலக, மற்றது பிடிக்கும் அந்த நொடியில்தான் பெட்டியில் ஒரு சிறு ஆட்டம் ஏற்படும். காந்தத்தின் இருப்பிடத்தையும் மின்னோட்டத்தையும் துல்லியமாகக் கையாளக் கற்றுக்கொண்ட பிறகு, ஜப்பானில் ஏறக்குறைய முழு நிறுத்தம்வரை மின் பிரேக்கையே பயன்படுத்தும் ரயில்கள் வந்தன. பிரேக் கட்டைகளின் தேய்மானமும் குறைந்தது.

உங்கள் வீட்டிலும் உண்டு

வீவக வீடுகளில் இப்போது பரவலாக உள்ள ‘டிசி’ மின்விசிறிக்குள் இருப்பதும் பிரஷ் இல்லாத மோட்டார்தான். பழைய விசிறியைவிடக் குறைந்த மின்சாரத்தில், சத்தமின்றி, மிக மெதுவாகவும் அது சுழல்கிறது. கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்று 2012இல் அறிமுகப்படுத்திய ‘சூப்பர்ஃபேன்’ 35 வாட்டில் ஓடியது. ஐஐடி மெட்ராஸில் படித்தவர்கள் 2013இல் தொடங்கிய ஏத்தர் நிறுவனத்தின் மின்ஸ்கூட்டர்களிலும் நிலைக்காந்த மோட்டார்தான்.

டோபி காட்டின் பெயருக்குப் பொருத்தமான உதாரணம் ஒன்றும் உண்டு. நியூசிலாந்தின் ஃபிஷர் அண்ட் பேக்கல் நிறுவனம் 1991இல் பிரஷ் இல்லாத மோட்டாரைச் சலவை இயந்திரத்தின் தொட்டியோடு நேரடியாக இணைத்தது. நனைந்த துணியின் பாரத்தோடு மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டவும், பிறகு அதே மோட்டாரால் வேகமாகச் சுழற்றிப் பிழியவும் முடிந்தது. ஒரு காலத்தில் ஓடைக்கரையில் மனிதக் கைகள் செய்த வேலை.

செய்து பாருங்கள்

பழைய கணினியிலிருந்து கழற்றிய சிறு விசிறி கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மின்சாரம் எதுவும் இணைந்திருக்கக் கூடாது. விரலால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். சில இடங்களில் அது தானாக ‘உட்கார்ந்துகொள்ள’ விரும்புவது விரலுக்குத் தெரியும். காந்தங்கள் சுருளைச் சுற்றிய இரும்புப் பற்களைத் தேடிப் பிடிப்பதால் வரும் இழுப்பு அது. மெதுவான ஓட்டத்தைக் குலுக்கும் இன்னொரு காரணம் இது. இதைக் குறைக்கப் பெரிய மோட்டார்களில் காந்தங்களையோ பற்களையோ சற்றுச் சாய்வாக அமைப்பார்கள்.

பள்ளியின் ரோபோட்டிக்ஸ் மன்றத்தில் மூன்று கம்பிகள் உள்ள டிரோன் மோட்டார் இருந்தால், ஆசிரியரின் அனுமதியோடு அடுத்த சோதனையைச் செய்யலாம். மோட்டாரை எதனோடும் இணைக்காமல் கையால் சுழற்றுங்கள். பிறகு மூன்று கம்பிகளின் நுனிகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மறுபடியும் வேகமாகச் சுழற்றுங்கள். இப்போது மோட்டார் உங்கள் கையை எதிர்க்கும். நீங்கள் உண்டாக்கிய மின்னழுத்தம் சுருள்களில் மின்னோட்டத்தைச் செலுத்தி உங்களையே தடுக்கிறது. ரயிலின் மின் பிரேக்கும் இதே அடிப்படையில்தான் இயங்குகிறது.

கடைசியாக, கம்பிகளைச் சேர்த்தபடியே மிக மிக மெதுவாகச் சுழற்றுங்கள். இரும்புப் பற்களின் இழுப்பு மட்டும் மிஞ்சும்; அந்த எதிர்ப்பு ஏறக்குறைய காணாமல் போய்விடும். அது ஏன் என்று உங்கள் நண்பருக்கு இப்போது நீங்களே விளக்கலாம்.